சந்திரயான்-2 கிளாஸ் டேட்டா: எட்டு மாசம் கூடவே இருந்து பார்த்ததுல சொல்றேன்

ஒரு ஈமெயில் ஐடி இருந்தா போதும், பேர் பதிஞ்சுட்டு உள்ள போயிடலாம், காசு ஒத்தப் பைசா கிடையாது. டவுன்லோட் முடிஞ்சா நிலாவோட மண்ணுல இருந்து கிளம்பி வந்த எக்ஸ்ரே கணக்கு அப்படியே நம்ம லேப்டாப்புல வந்து உக்காந்திருக்கும். இஸ்ரோவோட பிரதான்ங்கற இணையதளத்துல சந்திரயான்-2 ஆர்பிட்டர் (நிலாவைச் சுத்திக்கிட்டே இருக்கற கலம்) டேட்டாவை 2020 டிசம்பர்ல இருந்து எல்லாருக்கும் திறந்து விட்டிருக்காங்க, அந்த ஆர்பிட்டர்ல இருக்கற எட்டுக் கருவியில கிளாஸ்னு ஒண்ணு, நிலா மண்ணுல இருந்து வர்ற எக்ஸ்ரேயை அளக்கற கருவி, அதோட டேட்டாவை மட்டும் எட்டு மாசமா ராத்திரியில உக்காந்து நோண்டிட்டு இருக்கேன். அதுக்குத்தான் இந்த ரிவ்யூ, கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

நான் விஞ்ஞானி இல்லைங்க. எம்எஸ்சி பிசிக்ஸ் படிச்சேன், இப்ப திருச்செங்கோட்டுல ஒரு போர்வெல் ரிக் ஆபீஸ்ல கணக்கு பார்க்கறேன். ரிக் ஓடற எடத்துல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், பிட்டு எறங்க எறங்க கம்ப்ரசர் காத்துல பாறைத்தூள் மேல வந்து கொட்டும், டிரில்லர் அண்ணன் அதை ஒரு கை அள்ளி வெரல்ல தேய்ச்சுப் பார்த்துட்டு "கல்லு மாறிடுச்சு"ன்னு சொல்லிடுவார். கீழ என்ன இருக்குன்னு தெரியணும்னா எங்க தொழில்ல ஓட்டை போட்டே ஆகணும். நிலாவுல என்னடான்னா 100 கிலோமீட்டர் ஒசரத்துல சுத்திக்கிட்டே, தரையைத் தொடாம, இங்க அலுமினியம் அதிகம், இங்க மெக்னீசியம் அதிகம்னு ஒரு கருவி சொல்லுது. எனக்கு இதுமேல இவ்ளோ பிரியம் வந்ததுக்குக் காரணமே இதுதான்.

எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா சொல்லிடறேன், இது புரியாம டேட்டாவைத் திறந்தா ஒண்ணுமே புரியாது. சூரியன்ல இருந்து எக்ஸ்ரே வந்து நிலா மண்ணுல விழுது. அது ஒரு அணுவோட உள்வட்டத்துல இருக்கற எலக்ட்ரானைத் தட்டி வெளிய தள்ளிடுது, காலியான அந்த எடத்துக்கு மேல் வட்டத்துல இருந்து ஒரு எலக்ட்ரான் எறங்கி வருது, எறங்கும்போது மிச்ச சக்தி ஒரு எக்ஸ்ரேயா வெளிய வருது. அந்த எக்ஸ்ரேயோட சக்தி ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, மாறவே மாறாது. சோடியம்னா 1.04 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (எக்ஸ்ரேயோட சக்தியை அளக்கற அலகு), மெக்னீசியம் 1.25, அலுமினியம் 1.49, சிலிக்கான் 1.74, கால்சியம் 3.69, டைட்டானியம் 4.51, இரும்பு 6.40. நகைக்கடையில தங்கத்துக்கு டச் பார்க்கறதுக்கு ஒரு பெட்டி வெச்சிருப்பாங்களே, நகையை உள்ள வெச்சு மூடினதும் ஸ்க்ரீன்ல தங்கம் இவ்ளோ, செம்பு இவ்ளோன்னு வரும், அதே வித்தைதான். கடையில எக்ஸ்ரே விளக்கு பெட்டிக்குள்ளயே இருக்கு, நிலாவுல விளக்கு சூரியன். இந்த ஒரு வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கோங்க, இந்த டேட்டாவோட நல்லது கெட்டது எல்லாமே அதுல இருந்துதான் வருது.

ஃபைல் எப்படி இருக்கும்னா, ஒவ்வொண்ணும் 8 செகண்ட் கணக்கு, வானியல்காரங்க பயன்படுத்தற ஃபிட்ஸ் ஃபார்மேட். உள்ள 2048 சேனல், அதாவது சக்தி வாரியாப் பிரிச்ச பெட்டி, ஒவ்வொரு சேனல்லயும் எத்தனை எக்ஸ்ரே விழுந்துச்சுன்னு எண்ணிக்கை. ஒரு சேனல் சுமாரா 13.5 எலக்ட்ரான் வோல்ட், அதனால அலுமினியத்தைப் பார்க்கணும்னா 110வது சேனல் பக்கம் போய்ப் பாருங்க, சிலிக்கான் 129 பக்கத்துல நிக்கும். ஃபைலோட தலைப்புலயே அந்த 8 செகண்ட்ல கருவி பார்த்த துண்டு நெலத்தோட நாலு மூலைக்கும் அட்சரேகை தீர்க்கரேகை குடுத்திருக்காங்க, சூரியன் எந்தக் கோணத்துல இருந்துச்சுங்கறதும் இருக்கு. துண்டோட அளவு 12.5 கிலோமீட்டருக்கு 12.5 கிலோமீட்டர். 8 செகண்ட்ங்கறதும் இந்த 12.5 கிலோமீட்டரும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி வருது, ஏன்னா ஆர்பிட்டர் தரைக்கு மேல செகண்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம் நகருது, ஒரு துண்டைத் தாண்டறதுக்கும் ஒரு ஃபைல் முடியறதுக்கும் சரியா இருக்கும். இதைக் காகிதத்துல நானே கணக்குப் போட்டுப் பார்த்த அன்னிக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, பண்ணினவங்க எவ்ளோ யோசிச்சுப் பண்ணியிருக்காங்கன்னு.

திறக்கறதுக்குப் பைத்தான்ல நாலஞ்சு வரி போதும், ஆஸ்ட்ரோபை லைப்ரரி போட்டுக்கிட்டா படிச்சுடும். அதுக்கு மேல பீக்கை, அதாவது ஒவ்வொரு தனிமத்துக்கும் கிராஃப்ல வர்ற மேட்டை, பிரிச்சு அளக்கணும்னா நாசாவோட எக்ஸ்ஸ்பெக்ங்கற சாஃப்ட்வேர் இருக்கு, அதுவும் ஃப்ரீ, லினக்ஸ்ல ஓடும்.

முதல் வாரம் எனக்குக் கைக்கு ஒண்ணும் சிக்கல. ஏதோ ஒரு தேதியைக் குத்துமதிப்பா எடுத்து, ஒரு ஃபைலைத் திறந்து, கிராஃப் போட்டா புல்லு மொளச்ச மாதிரி அங்கங்க ஒண்ணு ரெண்டு கோடு, பீக்கே இல்ல. மறுநாள் தலைப்பை ஒழுங்காப் படிச்சப்பதான் தெரிஞ்சுது, நான் எடுத்தது நிலாவோட ராத்திரிப் பக்கம். விளக்கு இல்லாத எடத்துல போய் நெறம் தேடினா எப்படிக் கிடைக்கும். அடுத்து பகல் பக்கம் எடுத்தேன், அப்பவும் மெக்னீசியம், அலுமினியம், சிலிக்கான் மூணு மட்டும் மேடு மாதிரி லேசாத் தெரிஞ்சுது, இரும்பு இருக்கற பக்கமே ஆள் நடமாட்டம் இல்ல. ஏன்னா இரும்போட உள் எலக்ட்ரானைத் தள்ளறதுக்கு 7.1 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல சக்தி உள்ள எக்ஸ்ரே வேணும், கால்சியத்துக்கு 4 வேணும். சூரியன் சும்மா இருக்கற நாள்ல அந்த அளவு எக்ஸ்ரே அதுகிட்ட இருந்து வரவே வராது, ஃப்ளேர், அதாவது சூரியன்ல திடீர்னு வர்ற வெடிப்பு, அடிச்சாத்தான் வரும். அலுமினியத்துக்கு 1.56 போதும், அதனால அது அமைதியான நாள்லயும் கொஞ்சம் எட்டிப் பார்க்குது.

இங்க ஒரு பழைய கதை சொல்லியே ஆகணும். 2008 அக்டோபர் 22 அன்னிக்குக் கிளம்பின சந்திரயான்-1லயும் இதே வேலைக்கு சி1எக்ஸ்எஸ்னு ஒரு கருவி போச்சு, இங்கிலாந்தோட ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வகமும் இஸ்ரோவும் சேர்ந்து பண்ணினது. அருமையான கருவி. ஆனா அது நிலாவைச் சுத்தின அந்தக் காலம் பூரா சூரியன் நூறு வருஷத்துல அபூர்வமா வர்ற மாதிரி ஒரு ஆழ்ந்த தூக்கத்துல இருந்துச்சு, ஃப்ளேரே அரிதா வந்துச்சு, 2009 ஆகஸ்ட் கடைசியில விண்கலத்தோட தொடர்பும் போயிடுச்சு. கெடச்ச சின்னச்சின்ன ஃப்ளேரை வெச்சு, நிலாவோட கொஞ்ச எடத்துக்குத்தான் அவங்களால கணக்கு சொல்ல முடிஞ்சுது. கருவியில கொறை இல்ல, விளக்குதான் எரியல. அதை நினைச்சா எனக்கு இன்னும் மனசு கஷ்டமா இருக்கும், எத்தனை வருஷ உழைப்பு அது. அந்தப் பாடத்தோட 2019 ஜூலை 22 அன்னிக்குப் போனதுதான் கிளாஸ், பெங்களூர் யு.ஆர். ராவ் சாட்டிலைட் சென்டர்ல செஞ்சது, 16 டிடெக்டர் சிப்பு, மொத்தம் 64 சதுர சென்டிமீட்டர் பரப்பு. போய்ச் சேர்ந்தப்ப இதுக்கும் சூரியன் தூங்கிட்டுத்தான் இருந்துச்சு, சூரியன் சுமாரா 11 வருஷத்துக்கு ஒரு தடவை தூங்கி முழிக்கற சுழற்சி ஒண்ணு இருக்கு, 2019 டிசம்பர்தான் அதோட அடிமட்டம். ஆனா இந்த ஆர்பிட்டர் நெலச்சு நின்னுச்சு, வருஷக்கணக்கா சுத்துது, அதுக்குள்ள சூரியனும் முழிச்சு ஏறி உச்சிக்கே வந்துடுச்சு. லேண்டர் விழுந்ததோட சந்திரயான்-2 முடிஞ்சு போச்சுன்னு நினைக்கறவங்க இன்னும் நிறையப் பேர் இருக்காங்க, எங்க ஆபீஸ்லயே இருக்காங்க, அவங்ககிட்ட நான் இந்த டேட்டாவைத்தான் காட்டறேன்.

அதே ஆர்பிட்டர்ல எக்ஸ்எஸ்எம்னு இன்னொரு கருவி சூரியனையே பார்த்துட்டு இருக்கு, அகமதாபாத் பிஆர்எல் (இயற்பியல் ஆய்வகம்)ல பண்ணினது. எந்த நேரத்துல சூரியன்ல இருந்து எவ்ளோ எக்ஸ்ரே, எந்தெந்த சக்தியில வந்துச்சுன்னு அது எழுதி வெச்சிடுது. விழுந்த வெளிச்சம் எவ்ளோன்னு தெரிஞ்சாத்தானே திரும்பி வந்ததை வெச்சு மண்ணுல என்ன இருக்குன்னு சொல்ல முடியும், அதனால ரெண்டு டேட்டாவையும் ஜோடியா எடுங்க. ஒண்ணை மட்டும் எடுத்தா பாதிக் கணக்குதான்.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு ராத்திரியைச் சொல்றேன். ஒரு ஃப்ளேர் மெதுவா எறங்கிட்டு இருக்கற நேரத்துல, கிட்டத்தட்ட 15 டிகிரி மேற்குத் தீர்க்கரேகையை ஒட்டி, தெற்குல டைகோ பள்ளம் இருக்கற மேட்டு நெலத்துல ஆரம்பிச்சு, நூபியம் சமவெளி வழியா, கோபர்நிக்கஸ் பள்ளத்துக்குப் பக்கமாப் போய், இம்ப்ரியம் சமவெளி வரைக்கும் வர்ற ஒரு பாதை கெடச்சுது. ஒரு ஃபைல்ல எண்ணிக்கை பத்தாதுன்னு 12 ஃபைலைச் சேர்த்து ஒண்ணாக்கினேன், அப்ப ஒரு துண்டு சுமாரா 150 கிலோமீட்டர் நீளம் ஆயிடும், பரவால்ல. அலுமினிய பீக்கை அப்படியே பார்த்தா பிரயோஜனம் இல்ல, ஃப்ளேர் எறங்க எறங்க எல்லா பீக்கும் சேர்ந்தே எறங்கும். அதனால அலுமினியத்தை சிலிக்கானால வகுத்துக்கிட்டேன், சிலிக்கான் நிலாவுல எங்க போனாலும் பெருசா மாறாது, அதை அளவுகோலா வெச்சுக்கலாம். தெற்கு மேட்டு நெலத்துல அந்த விகிதம் நல்லா ஒசந்து நின்னுச்சு, நூபியத்துக்குள்ள நுழைஞ்சதும் படி எறங்கின மாதிரி கீழ வந்துடுச்சு, சமவெளி விட்டு வெளிய வந்த ஒரு எடத்துல மறுபடி கொஞ்சம் தலை தூக்கி, இம்ப்ரியத்துல திரும்ப எறங்குச்சு. வெறும் கண்ணால பௌர்ணமி அன்னிக்கு நாம பார்க்கறோமே, வெள்ளையா ஒரு பக்கம், கருப்பா திட்டுத்திட்டா ஒரு பக்கம், பாட்டி வடை சுடறான்னு கதை சொல்றதே அந்தத் திட்டை வெச்சுத்தானே, அதே வெள்ளையும் கருப்பும் இங்க எண்ணா எறங்கி ஏறுது. மணி ரெண்டரை இருக்கும், அக்கா பையன் பக்கத்துல தூங்கிட்டு இருந்தான், அவனை எழுப்பிக் காட்டினேன்.

ஏன் அப்படின்னா, வெள்ளையாத் தெரியற மேட்டு நெலம் பெரும்பாலும் அனார்தோசைட்ங்கற பாறை, கால்சியமும் அலுமினியமும் நெறஞ்சது, இரும்பு ரொம்பக் கம்மி. நிலா உருவான புதுசுல மேல்பகுதி பூரா உருகின பாறைக் கடலா இருந்துச்சு, அது ஆற ஆற கனமான கனிமம் அடியில படிஞ்சுது, லேசான பிளேஜியோகிளேஸ்ங்கற கனிமம் பால்மேல ஆடை மாதிரி மெதந்து வந்து மேலோடு ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. கருப்புத் திட்டு அதுக்கப்புறம் உள்ளயிருந்து எரிமலைக் கொழம்பா வந்து பள்ளத்துல நெறஞ்ச பசால்ட், அதுல இரும்பு அதிகம், அலுமினியம் கம்மி. இந்தக் கடல் கதை மொதல்ல வந்தது 1969ல அப்போலோ 11 அள்ளிட்டு வந்த மண்ணுல கெடச்ச பொடிப்பொடி வெள்ளைத் துணுக்குல இருந்து. ஆனா ஆறு அப்போலோ எறங்கின எடமும் நிலாவோட முன்பக்கத்துல ஒரு பக்கமா நெருக்கி இருக்கு, கொண்டு வந்த 382 கிலோ கல்லும் மண்ணும் அந்த ஆறு எடத்தோடதுதான். ஒரு ஊர்ல ஆறு போர் போட்டுட்டு ஜில்லா முழுக்க என்ன பாறைன்னு சொல்ல முடியுமா. அதனாலதான் மேல இருந்து பார்க்கற வேலை வேணும். 1971லயும் 72லயும் அப்போலோ 15, 16 ரெண்டும் மேல சுத்தின கலத்துல இதே எக்ஸ்ரே கருவியை வெச்சுக்கிட்டுப் போயிருக்காங்க, அந்தக் காலத்து டிடெக்டரால மெக்னீசியத்தையும் அலுமினியத்தையும் பிரிச்சுப் பார்க்க முடியாதுங்கறதால ஒரு டிடெக்டருக்கு முன்னாடி மெக்னீசியத் தகடு, இன்னொண்ணுக்கு அலுமினியத் தகடு, மூணாவதுக்கு ஒண்ணும் இல்லாம வெச்சு, மூணுக்கும் உள்ள வித்தியாசத்துல கணக்கு எடுத்தாங்க. அதுல நிலாவோட பத்துல ஒரு பங்கு மாதிரிதான் பார்க்க முடிஞ்சுது. இன்னிக்கு கிளாஸ்ல அந்த மூணு பீக்கும் தனித்தனியா நிக்கறதைப் பார்க்கறப்ப அந்த மனுசங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோணுது.

வேற என்ன ஆப்ஷன் இருக்குன்னு கேட்டா, நாசாவோட லூனார் ப்ராஸ்பெக்டர், 1998 ஜனவரியில போய் 1999 ஜூலை 31ல நிலாவுல மோதி முடிஞ்சுது. அது காமா கதிரையும் நியூட்ரானையும் எண்ணுச்சு. அதுக்கு சூரியன் ஃப்ளேர் அடிக்கணும்னு இல்ல, அண்டவெளியில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் போதும், தோரியம் மாதிரி தானாவே கதிர் விடற தனிமத்துக்கு அதுகூட வேணாம். எக்ஸ்ரே மண்ணோட மேல்தோலை மட்டும்தான் பார்க்கும், தலைமுடி தடிமன்கூட சொல்லலாம், காமா கதிர் பல சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் சொல்லும். ராத்திரிப் பக்கமும் தெரியும், துருவத்துல வெயிலே படாத பள்ளமும் தெரியும். அங்க ஹைட்ரஜன் இருக்கறதா மொதல்ல சொன்னதே அதோட நியூட்ரான் கருவிதான். இத்தனை இருந்தும் நான் ஏன் கிளாஸை எடுத்தேன்னா, அலுமினியம், மெக்னீசியம், கால்சியத்துக்கு அதோட கட்டம் 150 கிலோமீட்டர் அகலம், மொத்த நிலாவும் 1790 கட்டத்துல முடிஞ்சுடும். ஒரு கட்டத்துக்குள்ள திருச்செங்கோட்டையும் திருச்சியையும் சேர்த்துப் போட்டுடலாம். கிளாஸோட 12.5ல நாமக்கல் ஒரு துண்டு, திருச்செங்கோடு ஒரு துண்டு. ரெடிமேடா வண்ண மேப் மட்டும் பார்த்தாப் போதும்னு இருக்கறவங்களுக்கு குவிக்மேப் தளம் நல்லா இருக்கும், லேயரைத் தட்டினா ப்ராஸ்பெக்டர் மேப்பெல்லாம் வந்துடும், பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

கிளாஸ்ல கொறைன்னு பார்த்தா எல்லாம் அந்த வழியோட கொறைதான். துருவத்துப் பக்கம் வெயில் சாய்வா விழறதால எண்ணிக்கை ரொம்பக் கொறஞ்சுடும், நிழல் பள்ளத்துல கேட்கவே வேணாம். மாசத்துல சில நாள் நிலா பூமியோட காந்தவாலுக்குள்ள (பூமியோட காந்தப்புலம் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் வால் மாதிரி நீண்டிருக்கற பகுதி) போய் வருது, அந்த நாள்கள்ல மின்னூட்டத் துகள் டிடெக்டர்ல அடிச்சு பின்னணி இரைச்சல் ஏறும், அதைக் கழிக்கத் தெரியாம அலுமினியம் இவ்ளோன்னு சொல்லிடக் கூடாது. அப்புறம் நான் பண்ணின மாதிரி வெறும் விகிதத்தை எடுத்தா மேடு எது சமவெளி எதுன்னு சொல்லலாம், எடையில இத்தனை சதவீதம்னு சொல்ல முடியாது. அதுக்கு சூரிய ஸ்பெக்ட்ரம், விழுற கோணம், ஒரு தனிமத்துல இருந்து வந்த எக்ஸ்ரே இன்னொரு தனிமத்தைத் தட்டி விடறது எல்லாத்தையும் சேர்த்துக் கணக்கு போடணும், அங்கதான் நான் இப்ப நிக்கறேன், மூணு மாசமா அதுலயே இருக்கேன். இன்னொண்ணு, ஆர்பிட்டர் ஒரு சுத்து முடிக்கற ரெண்டு மணி நேரத்துக்குள்ள நிலா ஒரு டிகிரி சொச்சம் திரும்பிடுது, நிலநடுக்கோட்டுல அது 33 கிலோமீட்டர், ஆனா நம்ம பட்டை அகலம் 12.5தான். நடுவுல இடைவெளி விழும், அது மறுபடி மறுபடி சுத்தித்தான் நெறையும், அதுவும் ஃப்ளேரும் அந்த எடமும் ஒண்ணா அமையணும். ஒரே ஒரு வாரத்து டேட்டாவை வெச்சு மேப் போடலாம்னு யாரும் எறங்காதீங்க.

இந்த டேட்டாவுல இருந்து வந்ததுலயே பெருசுன்னா சோடியம் மேப்புதான். 2022 அக்டோபர்ல வெளிய வந்துச்சு, நிலா முழுக்க சோடியம் எப்படிப் பரவியிருக்குன்னு போட்ட மொத மேப்பு. மண் துகளோட மேல்ல லேசா ஒட்டிக்கிட்டு இருக்கற சோடியம் ஒரு பங்கு, கனிமத்துக்குள்ள கட்டுண்டு இருக்கறது ஒரு பங்குன்னு சொல்லியிருக்காங்க, அந்த லேசா ஒட்டினதுதான் சூரிய ஒளியில பிச்சுக்கிட்டுப் போய் நிலாவைச் சுத்தி மெல்லிசா இருக்கற சோடியம் காத்துக்கு ஊட்டம் குடுக்குதாம். 1.04ல நிக்கற அந்த பீக்கு மெக்னீசியத்தோட தோளுல சாஞ்ச மாதிரி சின்னதா இருக்கும், அதைப் பிரிச்சு எடுக்கறது எவ்ளோ செரமம்னு ஒரு தடவை முயற்சி பண்ணினவங்களுக்குத்தான் தெரியும்.

மேல இருந்து பார்த்தது சரியான்னு எறங்கிப் பார்த்தவங்களும் இருக்காங்க. 2023 ஆகஸ்ட் 23 சந்திரயான்-3 எறங்கினப்புறம் பிரக்யான் ரோவர் 103 மீட்டர் தூரத்துக்குள்ள 23 எடத்துல ஏபிஎக்ஸ்எஸ்ங்கற எக்ஸ்ரே கருவியைத் தரைக்குப் பக்கத்துல வெச்சு அளந்துச்சு, தன்னோட விளக்கைத் தானே கொண்டு போன கருவி அது. 69 டிகிரி தெற்குல, அதுவரைக்கும் யாரும் கல்லெடுக்காத எடத்துல, கெடச்சது இரும்பு கலந்த அனார்தோசைட். பாறைக் கடல் கதைக்கு தெற்குல இருந்து ஒரு சாட்சி.

இதுல எனக்கு ஊர்ப் பாசமும் ஒண்ணு உண்டு. லேண்டரும் ரோவரும் ஓட்டிப் பார்க்கறதுக்கு நிலா மண்ணு மாதிரி மண்ணு வேணும்னு இஸ்ரோ தேடினப்ப கெடச்ச எடம் எங்க நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். அங்க இருக்கறதும் அனார்தோசைட்தான், கால்சியம் அதிகமான வகை, அதை அரைச்சுத்தான் பெங்களூர்ல நிலாத்தரை போட்டாங்க. அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியில போய் வந்தோம், ரோட்டோரம் கெடந்த ஒரு துண்டு இப்ப என் டேபிள்ல இருக்கு. சாம்பல் கலந்த வெள்ளை, நடுநடுவுல கருப்பு எள்ளு தூவின மாதிரி ஹார்ன்பிளண்ட்ங்கற கனிமம், ஒடஞ்ச பக்கத்தை வெயில்ல திருப்பினா சின்னச்சின்னதா மினுங்கும்.

"மாமா, இதுவும் நிலாவுல இருக்கறதும் ஒண்ணா?"ன்னு கேட்டான்.

"ஒண்ணு இல்ல கண்ணு, சாதி ஒண்ணு. நிலாவோடது 440 கோடி வருசம் பக்கம், இது 250 கோடி வருசம் பக்கம், உருவான விதமும் வேற. ஆனா ரெண்டுலயும் கால்சியமும் அலுமினியமும்தான் முக்கியம்."

"அப்ப இதுமேல எக்ஸ்ரே அடிச்சாலும் 110வது சேனல்லதான் வருமா?"

வரும்டா.

எடுக்கப் போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான். 2019 கடைசி, 2020 தேதியில ஆரம்பிச்சு மனசு விட்டுடாதீங்க, மொதல்ல ஃப்ளேர் பட்டியலைப் பாருங்க, எம் வகை எக்ஸ் வகை ஃப்ளேர் (பெரிய ஃப்ளேர், எக்ஸ்தான் இருக்கறதுலயே பெருசு) வந்த நாளாப் பார்த்து எடுங்க, 2023, 2024ல நெறைய இருக்கு, 2024 அக்டோபர் 3ல எக்ஸ்9 ஒண்ணு அடிச்சுது, இந்தச் சுழற்சியில அதுவரைக்கும் வந்ததுலயே பெருசு அதுதான். தேதி கெடச்சதும் அந்த நேரத்துல ஆர்பிட்டர் பகல் பக்கம் இருந்துச்சான்னு தலைப்புல பார்த்துட்டு அப்புறமா ஃபைலைச் சேருங்க. பின்னணியைக் கழிக்க அதே நாளோட ராத்திரிப் பக்கத்து ஃபைல் பத்துப் பதினஞ்சு தனியா எடுத்து வெச்சுக்கோங்க. ஒரு நாளைக்கே ஆயிரக்கணக்குல ஃபைல் வரும், அதனால டிஸ்க்குல எடம் பார்த்துட்டு எறங்குங்க. யாராவது 15 டிகிரி மேற்குல நான் எடுத்த மாதிரி இன்னொரு பாதையை வேற ஃப்ளேர்ல எடுத்துப் பார்த்தீங்கன்னா நூபியம் ஓரத்துல அந்தப் படி உங்களுக்கும் அதே எடத்துலதான் எறங்குதான்னு கமெண்ட்ல சொல்லுங்க, என் கணக்கைச் சரி பார்த்துக்கறேன்.